தாய்மாமன் நின்ற படம்

சட்டத்தரணி ஸுமைரா மேசைமேல் தள்ளிவைத்த படத்தை விஜயகலா கையால் தொடவில்லை. தொட்டுப் பார்க்க என்ன இருக்கிறது? இதே படம் தோட்டத்து லயத்தில் அவள் குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பராவின் முன்சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. நடுவில் அவள் மகள் யதுர்ஷிகா, பட்டுச்சேலையும் மாலையுமாக, பதின்மூன்று வயதில் பெரிய மனுஷி. ஒரு பக்கம் பிள்ளையின் தாய்மாமன் கஜேந்திரன், வேட்டி சட்டையில் புதுமாப்பிள்ளை மாதிரி. அவனை ஒட்டி அவன் பெண்டாட்டி சுகந்தினி, கையில் சீர்த்தட்டு. கஜேந்திரனின் கை சுகந்தினியின் தோளில். மூன்று பேரும் சிரிக்கிறார்கள்.

"இத ஒங்கட தம்பிட லோயர் மேன்முறையீட்டு வழக்குல இப்ப புதுசா கோட்ல போட்டிருக்கார்" என்றாள் ஸுமைரா. "நீதவான் குடுத்த பாதுகாப்புக் கட்டளைய ரத்துப் பண்ணச் சொல்றாங்க. புருஷன் பக்கத்துல வரக்கூடாதுன்னு கட்டளை எடுத்தவ, நாலாம் மாசம் அவரோட ஒட்டி நின்னு சிரிக்கிறா, இவளுக்கு எங்க பயம்னு கேக்கிறாங்க. இந்தப் படம் நின்னா கட்டளை விழும். விழுந்தா அவர் அந்த நாளே அந்த வீட்டுக்குள்ள போவார்."

படம் பொய் சொல்லாது என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ! அவனைக் கொண்டுவந்து அந்தச் சடங்குப் பந்தலில் அன்று நிறுத்தியிருக்க வேண்டும்.

கஜேந்திரன் விஜயகலாவின் ஒரே தம்பி. தேயிலையும் றப்பரும் உள்ள தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறவன். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போன நேரமெல்லாம் அவனை இடுப்பில் சுமந்தவள் விஜயகலா. அவனும் லேசுப்பட்டவன் இல்லை. யதுர்ஷிகா பிறக்கிற நேரம் மண் சரிந்து பாதை மூடிக்கிடந்தபோது, அக்காவைக் கதிரையில் உட்காரவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு கொட்டுகிற மழையில் மலையிறங்கியவன் அவன்தான். குடி கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. தங்கமான பிள்ளை என்று தோட்டமே சொல்லும். கட்டிய பெண்டாட்டியிடம் மட்டும் அந்தத் தங்கம் வேறு மாதிரி.

இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் 'நூறாயுசு' சொல்லலாம், அப்படிப்பட்ட சுவர். நாலு வருஷமாக அந்தச் சுவருக்கு அப்பால் விழுந்த அடியெல்லாம் விஜயகலாவின் காதில் விழுந்துதான் இருந்தது. அவள் என்ன செய்தாள்? டீவியின் சத்தத்தைக் கூட்டினாள். புருஷன் பெண்டாட்டி விஷயம், நாம் நடுவில் போனால் நாமே கெட்டவர்கள் ஆவோம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அவள் புருஷன் காத்தமுத்து ஃபெக்டரியில் காவல்காரன், வாயில்லாப்பூச்சி. அவனும் வாயைத் திறக்கவில்லை.

போன மார்கழியில் சோறு பிந்தியது என்று கஜேந்திரன் கொதிக்கக் கொதிக்கக் கேத்தல் தண்ணீரைச் சுகந்தினியின் தோளிலும் முதுகிலும் ஊற்றினான். அன்று எழும்பிய கத்தலுக்கு எந்த டீவியும் ஈடுகொடுக்கவில்லை. விஜயகலா ஓடிப்போய் அவளை ஈரச்சேலையில் சுற்றி, ஆட்டோ பிடித்து கஹவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே பொலிஸ் வந்து எழுதியது. நீதவான் ஒரு வருஷத்துக்குக் கட்டளை போட்டார்: கஜேந்திரன் அந்தக் காம்பராவை மிதிக்கக்கூடாது, சுகந்தினியின் கிட்ட வரக்கூடாது. சுகந்தினியும் தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி என்பதால் காம்பரா அவளுக்கே நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் என்னென்ன கேட்டது என்று விஜயகலாவிடம் யாரும் விசாரிக்கவில்லை. அவளும் போய்ச் சொல்லவில்லை.

கஜேந்திரன் டவுனில் ஒரு கூட்டாளியின் அறைக்குப் போனான். "என் வீட்டுக்குள்ள நான் போறதுக்கு நீதவான் யாரு?" என்று குதித்து, இரண்டு கிழமைக்குள் இரத்தினபுரி மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு போட்டான்.

அந்த வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்தா யதுர்ஷிகா பெரிய பிள்ளையாக வேண்டும்?

சடங்கு என்றால் தாய்மாமன் வேண்டும். குடிசைக்குப் பச்சை ஓலை முறிக்கிறவன் அவன், மாலை போடுகிறவன் அவன், சீர்த்தட்டை முதலில் தூக்கிவருகிறவள் அவன் பெண்டாட்டி. மாமன் ஒற்றையாக வந்து நின்றால் அது சீர் இல்லை, குறை. நாலைந்து அண்ணன் தம்பி உள்ளவளுக்குப் பிரச்சினை இல்லை. விஜயகலாவுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. மாமன் வராத சடங்கு என்றால் காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டரில் பேசுவார்கள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேசுவார்கள், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவன்கூடப் பேசுவான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆகவே ஒரு பின்னேரம் போய்ச் சுகந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு நாளைக்கு புள்ள. பட்டப்பகல்ல, அத்தன சனத்துக்கு நடுவுல. வந்து சீர் வச்சிட்டு போயிருவான். கட்டளை ஒன் பேர்லதானே இருக்கு? நீயே சரின்னு சொன்னா கோட்டுக்கு என்ன வந்துச்சு?"

நீதிமன்றத்துக் கட்டளையும் தோட்டத்துச் சண்டை மாதிரிதான் என்று நினைத்துவிட்டாள், பாவி. அங்கே முறைப்பாடு சொன்னவள் விட்டுக்கொடுத்தால் தோட்டத் தலைவர் இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார், விஷயம் முடிந்தது. கோட்டுக் காகிதம் அப்படி இல்லை என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

 "ஒங்களுக்காகத்தான் அண்ணி" என்றாள் சுகந்தினி. "என்னையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது நீங்க. நீங்க கேட்டு நான் மாட்டேன்னு சொல்ல ஏலுமா? ஆனா நீங்க என் பக்கத்துலயே நிக்கணும்."

"ஒன்ன விட்டு நகருவேனா?"

நகரவில்லைதான். அதுதான் வினை. கஹவத்தையிலிருந்து வந்திருந்த படக்காரன் ஸாஜித், "அண்ணே, இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. அண்ணிட தோள்ல கைய போடுங்க. ஹரி, ஹரி, இப்ப சரி" என்று கமெராவைத் தூக்கியபோது, விஜயகலா ஆரத்தித் தட்டோடு சுகந்தினிக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றாள். கஜேந்திரனின் கை சரியாக அந்த வெந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. விரல்கள் அழுந்தின. முகம் கமெராவைப் பார்த்துச் சிரிக்க, வாய் மட்டும் லேசாக அசைந்தது.

"சிரிடி. ஒரு வருசக் கடுதாசி தானே? முடியட்டும். அடுத்த தடவ முதுகு இல்ல, மூஞ்சி."

சுகந்தினி சிரித்தாள். வெடித்துவிடுகிற மாதிரி மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் விஜயகலாவின் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. விழுந்தும் என்ன செய்தாள்? யதுர்ஷிகா கண்ணை மூடிவிட்டாள் என்று, "இன்னொண்ணு எடுங்க தம்பி" என்றாள். அந்த இரண்டாவது படம்தான் அவள் வீட்டுச் சுவரில் இருப்பது, கோட்டுக்குப் போயிருப்பதும் அதுவே.

"அவர் காதுக்குள்ள மிரட்டினார்னு சுகந்தினி சொல்றா" என்று ஸுமைரா தொடர்ந்தாள். "ஆனா அது அவட வாய்ச்சொல் மட்டும். மேளச் சத்தத்துல யாருக்கும் கேட்டிருக்காதுன்னும் அவளே சொல்றா. நீங்க கெஞ்சிக் கேட்டுத்தான் அவ வந்து நிண்டான்னு ஒரு சத்தியக் கடதாசி நீங்க தரலாம். அது உதவும். ஆனா மிரட்டினத கேட்ட ஆள் ஒருத்தர் இருந்தா, அதுக்குப் பெறகு படத்தக் காட்டி அவங்களால ஒண்டும் பேச ஏலாது. நீங்க பக்கத்துல நிண்டீங்க தானே?"

விஜயகலா எழுந்துவிட்டாள். "கூட்டம் மிஸ்... மேளம் வேற... நான் யோசிச்சிட்டு வாரேன் மிஸ்."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அவளுக்குச் சதை, எலும்பு எல்லாம் ஆடியது. அவள் வாயைத் திறந்தால் தம்பி தோற்பான். தம்பி தோற்றால் அவளுக்குப் பிறந்தவீடு என்று ஒன்று இல்லை. வாயை மூடிக்கொண்டால் சுகந்தினியின் முகம் வேகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் ஒரே ஒரு தம்பியோடு பிறந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை, றப்பர் மலையில் பால் எடுத்து வாளியோடு அவள் ரோட்டுக்கு இறங்கியபோது, கஜேந்திரன் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு காகிதம். வாளியை வாங்கிக் கீழே வைத்தான்.

"மெலிஞ்சி போயிட்ட அக்கா" என்றான். குரலில் உண்மையான பாசம் இருந்தது. அதுதான் கொடுமை.

"என்னாது அது, கையில?"

"எங்க லோயர் எழுதிக் குடுத்தாரு. ஒரு கையெழுத்து வச்சிரு. சடங்குக்கு அவளா விரும்பித்தான் வந்தா, நாங்க ரெண்டு பேரும் சந்தோசமாத்தான் நின்னோம்னு. நீ பொய் ஒண்ணும் சொல்ல வேணாம். படத்துல இருக்கிறதச் சொன்னா போதும்."

"தம்பி, நீ அவள..."

"அடிக்கிற கைதான் அணைக்கும்னு நம்ம ஆளுங்க சொல்றதில்லையா? நாளைக்கு யதுவுக்கு கல்யாணம்னா யாரு வந்து நிக்கிறது? நீதவான் வருவாரா?"

அடிக்கிற கை அணைக்குமாம். அணைத்த இடம் எது என்று அவளுக்கல்லவா தெரியும்! விஜயகலா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "அன்னிக்கி படம் புடிக்கிறப்ப அவ காதுல என்னமோ சொன்னியே?"

"சிரின்னு சொன்னேன்." அவன் சிரித்தான், படத்தில் சிரித்த அதே சிரிப்பு. பிறகு ஓரடி கிட்ட வந்தான். சிரிப்பு போகவில்லை, கண் மட்டும் மாறிவிட்டது. "ஏன்? ஒனக்கு என்னா கேட்டுச்சு?"

சோறு ஊட்டி வளர்த்த பிள்ளைக்கு அவள் பயந்தாள். கால் தானாகப் பின்னால் போய் வாளியில் இடித்துப் பால் தெறித்தது. "ஒண்ணும் கேக்கல" என்றாள். அவன் காகிதத்தை அவள் தோள் துணியில் செருகிவிட்டு, "நல்லா யோசி" என்று சொல்லிப் போனான்.

ஐயோ, அக்காக்காரி எனக்கே, பட்டப்பகலில், நடுரோட்டில் இப்படி நடுங்குகிறதே, நாலு சுவருக்குள் நாலு வருஷம் இருந்தவள் எப்படித் தோளைக் கொடுத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்? விஜயகலா ரோட்டோரத்தில் குந்தி வாய்விட்டு அழுதாள். வாளிப் பால் பாதிக்குப் பாதி உறைந்துபோனதற்குக் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கினாள். அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் இரத்தினபுரி பஸ் ஏறினாள்.

"எல்லாத்தையும் எழுதுங்க மிஸ்" என்றாள். "நான் கெஞ்சினது, அவன் சொன்னது, எனக்கு கேட்டது. கேட்டுட்டு இன்னொரு படம் புடிக்கச் சொன்னதும்."

ஸுமைரா பேனையை நிறுத்தி அவளைப் பார்த்தாள். "அத எழுதத்தான் வேணும். இல்லாட்டி, கேட்டவங்க ஏன் தடுக்கலன்னு அந்தப் பக்கம் கேப்பாங்க." எழுதி முடித்து, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கியபிறகு கேட்டாள். "அவர் மிரட்டினது ஒங்களுக்கு கேட்டுச்சுன்னு சுகந்தினிக்குத் தெரியுமா?"

"இல்ல மிஸ்."

"கோட்ல வெச்சுத் தெரியவந்தா நல்லா இரிக்காது. நான் சொல்லவா?"

"வேணாம் மிஸ். நானே சொல்லிர்றேன்."

வழக்குக்குப் பதினொரு நாள் இருந்தது. பதினொரு நாளும் பின்னேரமானால் ஒரு கிண்ணத்தில் கறியோ கீரையோ எடுத்துக்கொண்டு விஜயகலா அந்தப் பக்கம் போனாள். சுகந்தினி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "ஏன் அண்ணி இதெல்லாம்? எனக்காக ஒங்க தம்பிய எதுத்து எழுதிக் குடுத்திருக்கீங்க. நான்தானே ஒங்களுக்கு ஆக்கிப்போடணும்?" என்பாள். கெஞ்சி அழைத்ததைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று அவள் நினைப்பு. விஜயகலா வாயைத் திறப்பாள். நாளைக்குச் சொல்வோம் என்று மூடிக்கொள்வாள். கோழைக்கு நாளைக்கு என்கிற ஒரு வார்த்தை கிடைத்துவிட்டால் போதும், காலம் முழுக்க அதிலேயே ஓட்டிவிடலாம்.

பதினோராம் நாள் ஓடியும் போயிற்று.

மேல் நீதிமன்றத்தில் எல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது. இந்தப் பக்கத்துத் தோட்டச் சனத்துக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. பின்வாங்கில் விஜயகலாவும் சுகந்தினியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதிர் வரிசையில் கஜேந்திரன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவன் சட்டத்தரணி படத்தை நீதிபதியிடம் நீட்டி, இதில் பயந்த முகம் எது என்று காட்டுங்கள் என்றார். சுகந்தினியின் கை வந்து விஜயகலாவின் கையைப் பிடித்துக்கொண்டது. ஈரமாக, சில்லென்று இருந்தது.

ஸுமைரா எழுந்து சத்தியக் கடதாசியை வாசித்தாள். கட்டளை யார் பெயரில் இருக்கிறதோ அவளே சரி என்றால் போதும் என்று நினைத்து, என் மகளின் சடங்குக்கு வந்து நிற்கும்படி சுகந்தினியை நான்தான் கெஞ்சினேன். அவள் எனக்காக வந்தாள். அந்த இடத்தில் நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். என் தம்பி அவளுடைய வெந்த தோளை அழுத்திக்கொண்டு சொன்னதை என் காதால் கேட்டேன். அவன் சொன்னது இது.

சிங்களத்தில் அந்தச் சொற்கள் இன்னும் கோரமாகக் கேட்டன. கஜேந்திரன் தலையைத் திருப்பினான். விஜயகலா அவனைப் பார்க்கவில்லை. அவள் கவனமெல்லாம் தன் கைமேல் இருந்த கையில். அது இறுகிக்கொண்டே போனது. ஸுமைரா அடுத்த வரியை வாசித்தாள்: கேட்ட பிறகும் நான் ஒன்றும் சொல்லாமல், இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன்.

இறுகிய கை விட்டது. உதறவில்லை, பிடுங்கவில்லை. மெதுவாகப் போய்ச் சுகந்தினியின் மடியில் உட்கார்ந்துகொண்டது.

நீதிபதி அதிகம் பேசவில்லை. மனைவி சம்மதித்தாள் என்பதற்காகக் கட்டளை ஒரு நாளைக்கு உயிர்விட்டு மறுநாள் எழும்புவதில்லை, அதை மாற்ற நீதிமன்றம் ஒன்றால்தான் முடியும் என்றார். இந்தப் படம் பயமில்லை என்பதற்குச் சாட்சியில்லை என்றார். மேன்முறையீடு தள்ளுபடி, கட்டளை அப்படியே நிற்கும், இனி மீறினால் நேரே சிறை மறியல் என்று கஜேந்திரனைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

படிக்கட்டில் கஜேந்திரன் அக்காவைத் தாண்டிப் போனான். நின்றுகூடப் பார்க்கவில்லை. "யதுவுக்கு மாமன் செத்துட்டான்னு நெனச்சிக்க" என்று மட்டும் சொன்னான். அதற்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். பதினொரு நாளாக அந்தச் சொல்லுக்கென்றே கண்ணீரைச் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் அழுகை வரவில்லை. அவள் கண் சுகந்தினியைத் தேடிக்கொண்டிருந்தது.

சுகந்தினி பஸ் ஸ்டாண்டில் நின்றாள். விஜயகலா மூச்சு வாங்க அவளிடம் போய்ச் சேர்ந்தாள்.

"சுகந்தி, ஒனக்கு முன்னாடியே சொல்லணும்னுதான்..."

"நீங்க சொன்னதாலதான் கட்டளை நின்னுச்சு" என்றாள் சுகந்தினி. குரலில் கோபமே இல்லை. "அது எனக்குத் தெரியும் அண்ணி. அத நான் எந்தக் காலத்துலயும் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"பின்ன ஏன் புள்ள மூஞ்ச திருப்பிக்கிற?"

"அவரு மிரட்டுறது எனக்குப் புதுசா? அவரு கைய வச்ச நேரத்துலருந்து நாலு மாசமா நான் ஒண்ணே ஒண்ணத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். அண்ணிக்கு கேக்கல, பாவம், மேளச் சத்தம். கேட்டிருந்தா அந்த எடத்துலயே தட்டத் தூக்கி அவரு மூஞ்சில அடிச்சிருப்பாங்க. அத நெனச்சி நெனச்சித்தான் அந்தக் காம்பராவுல தனியா கெடந்து தூங்குனேன்."

  கஹவத்தை பஸ் திரும்பி வந்து நின்றது. சனம் முண்டியடித்தது. சுகந்தினி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மிஸ்கிட்ட ஒண்ணு கேக்க மறந்துட்டேன்" என்றாள். "என் கிட்ட வரக்கூடாதுன்னு கட்டளைல இன்னொரு பேரையும் சேக்க ஏலுமான்னு."

ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதில் தன் கைப்பையை எடுத்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். விஜயகலாவும் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கஹவத்தை வரைக்கும் நின்றே வந்தாள்.